பதிமூணு சுத்து கம்பி

ஹாம் ரேடியோன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. லைசென்ஸ் வாங்கினவங்க, செல்போன் டவர் எதுவும் இல்லாம, சிற்றலையில் ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கிறது. 2004 சுனாமி வந்தப்ப போர்ட் பிளேர்ல இருந்த பாரதி பிரசாத் அம்மாவும் கூட இருந்தவங்களும் இது மூலமாத்தான் அந்தமான் சேதியை வெளியில சொன்னாங்க.

எங்க பக்கம் 2018 நவம்பர்ல கஜா அடிச்சப்ப கரண்ட், போன் ரெண்டும் போயிடுச்சு. பக்கத்து ஊர்ல யார் இருக்காங்க, யார் இல்லைன்னுகூட தெரியல. டவரை நம்பாத ஒரு காது வீட்ல இருக்கணும்னு அப்பதான் தோணுச்சு. என் மச்சினர் மகன் ஹாம் லைசென்ஸ் வாங்கினவன். சின்னதா ஒரு ரிசீவர் செஞ்சு கொடுத்தான். டிராக்டர் பேட்டரியில ஓடும். பேசுறதுக்கு லைசென்ஸ் வேணும், எனக்கு அது இல்ல. நான் கேக்குறதோட சரி.

நம்ம நாட்டு ஹாம்கள் நிறைய பேர் 7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் உள்ள இடத்துல பேசுவாங்க. அவங்க அனுப்புறது பெரும்பாலும் நூறு வாட்டுக்குள்ள. ஒலிபரப்பு நிலையங்களோ நூறு கிலோவாட், இருநூறு கிலோவாட். பொழுது சாஞ்சா அந்தப் பெரிய நிலையங்க எல்லாம் இந்தச் சின்ன ரிசீவருக்குள்ள பூந்துடும். குமிழை எங்க திருப்பினாலும் பின்னாடி அதே பாட்டு.

"மாமா, சத்தத்தைக் கூட்டிப் பிரயோஜனம் இல்ல. வேண்டாததை வாசல்லயே நிறுத்தணும்"னான் பையன். அந்த வாசலுக்குப் பேருதான் ஃபில்டர்.

மோட்டார் காயில் கட்டுற கடையில 22 கேஜ் செம்புக் கம்பி ரெண்டு மீட்டர் வாங்கினேன். வயரிங் பண்ற 25 மில்லிமீட்டர் பிவிசி பைப் துண்டு ஒண்ணு. அதுல நெருக்கமா 13 சுத்து. சுமாரா 5 மைக்ரோஹென்றி வரும். பழைய டிரான்சிஸ்டர்ல ஸ்டேஷன் மாத்துற கேங் கண்டன்சர் இருக்குமே, அதைக் கழட்டி காயிலோட ரெண்டு முனையிலயும் சேர்த்தாச்சு. ஒரு முனை எர்த். எர்த் முனை பக்கமா, காயில் மேலயே சாதா வயர்ல ரெண்டு சுத்து ஏரியலுக்கு, இன்னொரு ரெண்டு சுத்து ரிசீவருக்கு. அவ்வளவுதான். "மோட்டார் எதும் எரிஞ்சு போச்சா"ன்னு கேட்டுட்டுப் போனா வீட்டுக்காரி.

கேங் 100 பிகோஃபாரட்ல நிக்கும்போது இது 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு ஒத்துப்போகும். 25 பக்கம் கொண்டுபோனா 14, அங்கயும் ஹாம்கள் உண்டு. திருப்பிக்கிட்டே வந்தா ஒரு இடத்துல இரைச்சல் குபீர்னு ஏறும். அதுதான் இடம்.

வயர் சுத்தைக் கூட்டினா சத்தம் நல்லா வரும், வேண்டாததும் கூடவே வரும். மடையை அகலமா வெட்டினா தண்ணியோட ஆகாயத்தாமரையும் வர்ற மாதிரி. குறைச்சா சுத்தமா இருக்கும், ஆனா ஈனமா கேக்கும். ரெண்டு சுத்து எனக்குச் சரியா இருந்தது.

இதால எல்லாம் முடியாது. மத்திய அலை நிலையங்க அடியோட போயிடும். 7.3ல இருக்குற நிலையம் கொஞ்சம் அடங்கும், போகாது. எல்இடி பல்பும் போன் சார்ஜரும் போடுற கரகரப்பு நாம கேக்குற அதே இடத்துலயே உட்கார்ந்திருக்கும், அதைப் பிரிக்க இந்த ஃபில்டரால ஆகாது. அதனால கரண்ட் போனா ஊரே சலிச்சுக்கும், நான் மட்டும் ரேடியோவைத் தூக்கிட்டுத் திண்ணைக்குப் போயிடுவேன்.

ஃபில்டரை மாட்டின அன்னிக்கு ராத்திரி, பாட்டு ஓடிக்கிட்டிருந்த அதே இடத்துல ஒரு பெரியவர் குரல். "இங்க மழை விட்டுருச்சு, அங்க எப்படி?" அவ்வளவுதான் கேட்டார். அதுக்கு முந்தின ராத்திரிகள்லயும் அங்க யாராவது பேசியிருப்பாங்க. பாட்டு மூடியிருந்தது.

ஒண்ணு சொல்லிடுறேன், இது கேக்குற ரேடியோவுக்கு மட்டும்தான். அனுப்புற ரேடியோவுல மாட்டினா அந்தச் சின்ன கேங் தாங்காது. உங்க வீட்டுப் பரண்ல பழைய டிரான்சிஸ்டர் கிடந்தா பழைய இரும்புக்காரர்கிட்ட போட்டுடாதீங்க. உள்ள இருக்குற கேங்குக்கு இன்னும் வேலை இருக்கு.