தாத்தாவோட லைட் ஹவுஸ்

டூரிஸ்ட் இல்லாத பாண்டியைப் பார்த்திருக்கீங்களா? நவம்பர் மழையில, ஒரு செவ்வாய்க்கிழமை போய்ப் பாருங்க. பீச் ரோட்டில் சுண்டல்காரருக்கே போரடிக்கும்!

அப்படி ஒரு நாளில்தான் கிளம்பினேன். காரணம் தாத்தா. ஒரு காலத்தில் வம்பாகீரப்பாளையத்தில் கட்டுமரம் ஓட்டினவர். இப்போ சாரத்தில் எங்க வீட்டோட இருக்கார். “எல்லாரும் ஜி.பி.எஸ். வெச்சிருக்காங்களே, லைட் ஹவுஸ்ல இன்னும் விளக்கு ஏத்துறாங்களாடா?”ன்னு கேட்டார். தெரியலை. இருபது வருஷமா இதே ஊரில் இருக்கேன், வெட்கமா போச்சு.

காந்தி சிலைப் பக்கம் நிக்குதே, அதுதான் சீனியர். பிரெஞ்சுக்காரங்க கட்டி 1836-ல் விளக்கேத்தினது. அப்போ பாண்டியில் கப்பல் கரையை ஒட்டி நிக்க வசதி கிடையாது. தள்ளி நங்கூரம் போட்டுட்டு, சரக்கைப் படகில்தான் இறக்குவாங்க. ராத்திரியில் ஊர் எங்கேன்னு தெரிய ஒரு வெளிச்சம் வேணுமே! 1979-ல் தெற்கே புது லைட் ஹவுஸ் வந்ததும் இவர் ரிட்டையர்டு. நான் போனப்போ கதவில் பூட்டு. நனைஞ்ச சுவரைத் தொட்டுப் பார்த்துட்டு நடந்தேன்.

“பழைய வெளிச்சத்தை வலது கைப் பக்கம் வெச்சுக்கிட்டுத்தான் கரைக்கு வருவோம். அது மாறின புதுசுல, அதே கணக்குல வந்து தெக்கே தள்ளிப் போய் ஏறிட்டோம். உங்க ஆயா அழுதுட்டா”ன்னு தாத்தா சொல்லியிருக்கார்.

புதுசு 48 மீட்டர். எதுக்கு இவ்ளோ உயரம்? பூமி உருண்டை, பாஸ்! மீட்டர் கணக்கில் உயரத்துக்கு வர்க்கமூலம் எடுத்து 3.57-ஆல் பெருக்கினா, தொடுவானம் எத்தனை கிலோமீட்டர்னு வந்துடும். இதுக்கு கிட்டத்தட்ட 25. முப்பது மீட்டரைத் தொடாத பழசுக்கு 20-கூட வரலை. லைட் ஹவுஸ் லென்ஸை 1820-களில் மாத்திக் காட்டின ஃபிரெனெலும் ரோடு, பாலம் போட்ட இன்ஜினீயர்தான். ஃபர்ஸ்ட் இயர் பிசிக்ஸில் எனக்கு அரியர் விழ அவரும் ஒரு காரணம்!

சுத்திச் சுத்தி ஏறி உச்சிக்குப் போனா, மூச்சு வாங்குது. ஆனா கூட்டமே இல்லாம மொத்தக் கடலும் எனக்கே எனக்கு. வடக்கே சாரத்தைத் தேடினேன். தென்னையும் தண்ணி டேங்கும்தான் தெரிஞ்சது.

இறங்கி, இருட்டுற வரைக்கும் கீழேயே நின்னேன். ஏத்தினாங்க!

வீட்டுக்கு ஓடி, அம்மா திட்டத் திட்ட தாத்தாவை மொட்டைமாடிக்கு ஏத்தினேன். ரெண்டு அப்பார்ட்மென்ட்டுக்கு நடுவுல, சின்னதா ஒரு மின்னல் வந்து போச்சு. கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு, அடுத்ததுக்காகக் காத்திருந்து பார்த்தார். அப்புறம் மேற்கே திரும்பி நின்னு, கையை ஆட்டிக் கணக்குப் போட்டார்.

“வெளிச்சம் இடது கைப் பக்கம் வருதேடா... அப்போ நாம வடக்கே தள்ளிக் கரையேறிட்டோம்!”