தேன்மொழிக்கு, தோட்டா விஷயமாக

ஸ்ரீரங்கம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் தேன்மொழிக்கு,

பெரியப்பா எழுதுவது. உன் கடிதம் போன வாரம் வந்தது. டெக்சாஸில் வாங்கிய நிலத்தில் காட்டுப்பன்றிக் கூட்டம் இறங்கி, வேலியைச் சாய்த்து, மக்காச்சோளத்தை வேரோடு கிளறிப் போட்டுவிட்டுப் போனது என்று வாசித்ததும் பெரியம்மா, "நம்ம துறையூர்க்காரங்க படுற பாடு அங்கேயுமா?" என்று கேட்டாள். பச்சைமலை அடிவாரத்தில் இதே கதைதான். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு இங்கே யாரும் இஷ்டத்துக்குத் துப்பாக்கி எடுக்க முடியாது. 2025 ஜனவரியில்தான், காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுட வழி செய்து அரசு உத்தரவு போட்டது. அதிலும் சுடுவது வனத்துறை ஆட்கள் மட்டுமே. உங்கள் ஊரில் உன் நிலத்துப் பன்றியை நீயே சுடலாம் என்கிறார்கள். அதனால்தான் உன் கேள்விக்குப் பொறுப்பாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

பக்கத்து நிலத்துக்காரர் பழைய .308 ரைஃபிள் ஒன்றை விலைக்குத் தருகிறார், ராணுவத் தோட்டா பெட்டி பெட்டியாக மலிவாகக் கிடைக்கிறது, அதையே பன்றிக்கும் வைத்துக்கொண்டு, ராத்திரி எவனாவது வீட்டுக்குள் புகுந்தால் அதற்கும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறாய். ராணுவத் தோட்டாவை வாங்காதே. பன்றிக்கும் ஆகாது, வீட்டுக்கும் ஆகாது. ஏன் என்று சொல்கிறேன்.

ஒரு ராணுவக் குண்டையும் ஒரு வேட்டைக் குண்டையும் நெடுக்காக அறுத்து மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உனக்கே விளங்கிவிடும். இரண்டிலும் உள்ளே சாம்பல் நிற ஈயம், வெளியே மெல்லிய செப்பு உறை. ராணுவக் குண்டில் உறை முனையை முழுக்க மூடியிருக்கும், அடிப்பக்கம் மட்டும் ஈயம் தெரியும். வேட்டைக் குண்டில் தலைகீழ். அடி மூடியிருக்கும், முனையில் ஈயம் வெளியே நிற்கும். சதைக்குள் போனதும் அந்த ஈய முனை நசுங்கிப் பின்னால் மடியும், உறை இதழ் இதழாகப் பிரியும், குண்டின் அகலம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். தன் வேகத்தை மிருகத்தின் உடம்புக்குள்ளேயே செலவழித்துவிடும். முழு உறை போட்ட குண்டு அப்படி விரியாது. உள்ளே புரண்டால் பெரிய காயம், புரளாவிட்டால் ஊசி போட்ட மாதிரி ஒரு துளை. பன்றி ஓடிப்போய் இரண்டு நாள் புதரில் கிடந்து சாகும். அந்தப் பாவம் நமக்கு வேண்டாம் அம்மா. அமெரிக்காவிலேயே பல மாநிலங்களில் முழு உறைக் குண்டை வேட்டைக்குப் பயன்படுத்தக் கூடாது என்று விதி இருக்கிறது.

ஒரே குண்டு எல்லாவற்றுக்கும் ஆன காலம் ஒன்று இருந்தது. 1752 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி ழாக் லா நம் ஸ்ரீரங்கத்துக் கோயில் மதில்களுக்குள் படையோடு முடங்கிக் கிடந்து, கடைசியில் ஆங்கிலேயத் தளபதிகளான லாரன்ஸிடமும் கிளைவிடமும் சரணடைந்தான். அந்தப் படைகள் கையில் இருந்த மஸ்கெட்டுக்கு வெறும் ஈய உருண்டைதான். சிப்பாயைச் சுட்டதும் அதுதான், மானைச் சுட்டதும் அதுதான். வேகம் குறைவு, எடை அதிகம், மெத்தென்ற ஈயம். அதுபாட்டுக்கு நசுங்கி வேலையை முடித்துவிடும். 1880களில் புகையில்லாத வெடிமருந்து வந்து வேகம் எங்கேயோ போய்விட்டது. வெறும் ஈயம் குழலின் வரித்தடத்தில் வழிந்து ஒட்டிக்கொள்ளும். அதற்கு மாற்றாக, 1882இலேயே சுவிட்சர்லாந்தின் எட்வர்ட் ரூபின் செய்திருந்த செப்பு உறை போட்ட குண்டு கைகொடுத்தது. உறை போட்ட குண்டு தாக்கியவனை நிறுத்தவில்லை என்று எல்லைப்போரில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் புலம்ப, கல்கத்தா பக்கத்தில் டம்டம் ஆயுதச்சாலையில் கேப்டன் பெர்ட்டி கிளே முனையைத் திறந்துவிட்ட .303 குண்டைச் செய்தார். அது மனித உடம்பில் செய்த கோரத்தைப் பார்த்துத்தான் 1899இல் ஹேக் நகர மாநாட்டில் விரியும் குண்டு போரில் கூடாது என்று பிரகடனம் போட்டார்கள். அன்றைக்குப் பிரிந்த பாதைதான். போருக்கு மூடிய முனை, வேட்டைக்குத் திறந்த முனை. மனிதனுக்குக் காட்டிய அந்த இரக்கம் மிருகத்தின் விஷயத்தில் நேர்மாறாக அமைந்தது. மிருகத்துக்கு இரக்கம் என்றால் சீக்கிரம் சாகவிடுவது.

சரி, போருக்காவது ஒரே தோட்டா அகப்பட்டதா? அதுவும் இல்லை. நான் வேலை பார்த்த திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை 1966இல் தொடங்கியது. அங்கே நின்றபடியே நாடு தோட்டா மாற்றுவதைப் பார்க்கலாம். 1962 சீனப் போரில் நம் ஜவான்கள் பிடித்திருந்தது .303. அதன்பின் எஸ்.எல்.ஆர். ரைஃபிள், அதன் தோட்டா 7.62x51. குண்டின் எடை ஒன்பதரை கிராம், வேகம் வினாடிக்கு 840 மீட்டர். தோளை உதைக்கும், ஆனால் பட்டவன் எழுந்திருக்க மாட்டான். பாரம் குறையட்டும், ஜவான் இன்னும் நிறையத் தோட்டா சுமக்கட்டும் என்று 1998இல் இன்சாஸ் ரைஃபிள் வந்தது. தோட்டா 5.56, குண்டு வெறும் 4 கிராம், வேகம் 900 மீட்டர். எதிரியைக் கொல்வதைவிடக் காயப்படுத்தினால் அவனைத் தூக்க இன்னும் இரண்டு பேர் வேண்டும் என்று அதற்கு நியாயம் சொல்வார்கள். காஷ்மீரில் கிட்டத்தில் நின்று தீவிரவாதியோடு மோதியவர்கள் அந்த நியாயத்தை ஏற்கவில்லை. ஏ.கே. தான் வேண்டும் என்றார்கள். அடித்தால் விழ வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் கேட்டது.

பிறகு குழலை மாற்றினால் 5.56உம் சுடலாம், 7.62x39உம் சுடலாம் என்று ஒரு ரைஃபிளுக்கு டெண்டர் விட்டு, 2015இல் அதைக் கைவிட்டார்கள். 2019இல் அமெரிக்காவிலிருந்து 72,400 ரைஃபிள்களுக்கு ஒப்பந்தம், அது பழையபடி 7.62x51. 2021 டிசம்பரில் அமேதி பக்கம் கோர்வாவில் செய்யும் ஏ.கே.203க்கு ஒப்பந்தம், ஆறு லட்சத்துக்கும் மேல், அது 7.62x39. நம் தொழிற்சாலையில் செய்யும் திருச்சி அசால்ட் ரைஃபிளும் அதே 7.62x39தான். அரை நூற்றாண்டு தேடியும் ஒரு தேசத்தின் படைக்கே ஒரே தோட்டா போதவில்லை. கெட்டிக்காரர்கள் இல்லாமல் இல்லை. மலைமேல் எழுநூறு மீட்டரில் சுடுவது ஒன்று, தோட்டத்து வீட்டுக்குள் சுடுவது வேறு.

இதைவிட முக்கியமாக ஒன்று சொல்ல வேண்டும். 2021 டிசம்பர் 30ஆம் தேதி, நம் திருச்சி புதுக்கோட்டை ரோட்டில் நார்த்தாமலைப் பக்கம், மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினர் துப்பாக்கிச் சூடு பழகிக்கொண்டிருந்தார்கள். ரேஞ்சுக்கு ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் தள்ளி, தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுப் பையனின் தலையில் ஒரு குண்டு வந்து பாய்ந்தது. ஜனவரி 3ஆம் தேதி தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் அந்தப் பிள்ளை போய்விட்டான். அது ரேஞ்ச் என்று பெயர் பெற்ற இடம், சுட்டவர்கள் பயிற்சி பெற்றவர்கள், பின்னால் மலை வேறு. அப்படியும் நடந்தது. அந்தச் செய்தியை வாசித்த நாளிலிருந்து யார் என்னிடம் தோட்டா கேட்டாலும், எதைத் தாக்கும் என்று நான் யோசிப்பதில்லை. பட்ட பிறகும் படாவிட்டாலும் எங்கே போய் நிற்கும் என்றுதான் யோசிக்கிறேன். நீ அதே கேள்வியை வைத்துக்கொண்டு மேலே படி.

வேட்டைக்காரர்களில் ஒரே துப்பாக்கியோடு பேர் வாங்கினவர்கள் உண்டு. தர்மபுரி, ஓசூர்க் காடுகளில் ஆட்கொல்லிகளைத் தேடிப் போன கென்னத் ஆண்டர்சன் .405 வின்செஸ்டரை விடவே இல்லை. ஆப்பிரிக்காவில் பெல் என்பவர் 7 மில்லிமீட்டர் சிறு குண்டிலேயே எண்ணூறு யானைக்குக் கிட்டே வீழ்த்தினார். ஆனால் அவர் போட்டது விரியாத குண்டு. யானை மண்டை எலும்பைத் துளைத்து மூளையைத் தொட வேண்டும், விரிந்தால் நடுவழியில் நின்றுவிடும். ஜிம் கார்பெட் சிறியதற்கு .275, பெரியதற்கு .450/400 என்று இரண்டு வைத்திருந்தார். "ஒன்றே போதும்" என்பவர்கள் சொல்வதில் ஒரு உண்மை இருக்கிறது. ஒரே தோட்டாவைச் சுட்டுப் பழகியவனுக்கு அது எந்தத் தூரத்தில் எவ்வளவு இறங்கும் என்று கை சொல்லிவிடும். எடை மாறினால், கம்பெனி மாறினால், அதே ரைஃபிளில் குண்டு விழும் இடமும் மாறும். இன்றைக்கு ஒரு வகை, நாளைக்கு ஒரு வகை என்று போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

ஆகவே பன்றிக்கு என்று ஒன்றைத் தேர்ந்து அதிலேயே நில். .308இல் 150 கிரெய்ன் எடையில், முழுக்கச் செம்பால் செய்த விரியும் குண்டு. ஆண் பன்றிக்குத் தோள்மேல் தடித்த குருத்துத்தோல் கேடயம் போல இருக்கும். லேசான ஈயக்குண்டு அதில் சிதறிப்போகும், செம்பு சிதறாது. இன்னொரு காரணம் குழந்தைகள். வேகமாகப் போகும் ஈயக்குண்டு கண்ணுக்குத் தெரியாத துகள்களாக உதிர்ந்து, காயத்துக்கு வெகு தூரம் வரை இறைச்சியில் கலந்துவிடும். கழுவினாலும் போகாது. சிறு பிள்ளைகளின் மூளைக்கு ஈயம் விஷம். காண்டார் கழுகுகள் வேட்டையில் மிஞ்சிய ஈயத்தைத் தின்று செத்ததால்தான் கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயத் தோட்டாவே கூடாது என்று ஆக்கினார்கள். விலை கூடத்தான், பரவாயில்லை. ரைஃபிளின் குறியை நூறு கஜத்துக்குச் சரிசெய்து வை. முன்னங்காலுக்கு நேர் மேலே, உடம்பின் கீழ்ப்பகுதியில் வை. பன்றிக்கு இதயம் நாம் நினைப்பதைவிடத் தாழ்வாக இருக்கும். பின்னால் மண்மேடு இல்லாத திசையில் சுடாதே. தரைமட்டத்தில் நின்று சமவெளியில் சுடுவதைவிட, ஒரு பரண் கட்டி மேலிருந்து கீழே சுட்டால் குண்டு மண்ணில் போய்ப் புதையும்.

வீட்டுக்கு? அந்த ரைஃபிளை வீட்டுக்குள் சுடுவது என்ற நினைப்பையே விடு. நம் வீட்டுச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும், ஒரு முழம் கனம். உங்கள் வீடு மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்தது, நடுவே வெறும் காற்று. .308 அப்படி நாலைந்து சுவரைக் கடந்து போகும். விரியும் குண்டு என்றாலும் ஜிப்சம் மாவு முனையில் அடைத்துக்கொண்டு சில சமயம் விரியாமலே போய்விடும். நீ அனுப்பிய போட்டோவில் நடையின் மறுகோடியில் பிள்ளைகள் படுக்கும் அறை இருக்கிறது. திருடனைக் குறிவைத்தால் அவனுக்குப் பின்னால் இருப்பது அதுதான். கதவுக்கு நல்ல இரும்புத் தாழ்ப்பாள் போடு, வெளியே விளக்குப் போடு, ஒரு நாய் வளர்த்துக்கொள். யாராவது வந்தால் பிள்ளைகளோடு ஒரே அறைக்குள் போய்த் தாழிட்டுப் போலீஸைக் கூப்பிடு. ரைஃபிள் இரும்புப் பெட்டியில் இருக்கட்டும், தோட்டா வேறு பூட்டில் இருக்கட்டும், சாவி உன் இடுப்பில் இருக்கட்டும். மாப்பிள்ளை இதைப் பயந்த பேச்சு என்பார். சொன்னது நான் என்று சொல்.

கடைசியாக ஒரு அவசரம். "பழைய .308" என்று அவர் சொல்வது .308தானா என்று எனக்குச் சந்தேகம். 1960களில் வங்காளத்தில் இஷாப்பூர் ரைஃபிள் ஃபேக்டரியில், லீ என்ஃபீல்டு அமைப்பிலேயே 7.62x51க்கு ஏற்றாற்போல் 2ஏ, 2ஏ1 என்று ரைஃபிள்கள் செய்தார்கள். பிற்காலத்தில் அவை உபரியாக அமெரிக்காவுக்கு ஏராளமாகப் போயின. அங்கே கடைக்காரர்கள் .308 என்றே விற்றார்கள். ராணுவ 7.62x51, கடையில் விற்கும் .308, இரண்டு தோட்டாவும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், உள்ளேயும் போகும். ஆனால் ராணுவ ரைஃபிளில் தோட்டா உட்காரும் அறை கொஞ்சம் நீளம். கடைத் தோட்டாவின் பித்தளைக் கூடு மெல்லியது, நீண்டு விரிசல் விடலாம். விரிசல் விட்டால் சூடான வாயு முகத்தில் அடிக்கும்.

விசைக்குப் பின்னால், கட்டைப்பிடி தொடங்கும் இடத்து இரும்புப் பட்டையின் வலப்பக்கத்தையும், குழலின் மேல்பக்கத்தையும் படமெடுத்து அனுப்பு. அசோகச் சின்னமோ, ஆர்.எஃப்.ஐ. என்ற எழுத்தோ, 7.62 என்ற எண்ணோ, வருடமோ இருக்கும். படம் வந்ததும் என்ன தோட்டா போடலாம் என்று சொல்கிறேன். அதற்குள் பணம் கொடுக்காதே. வாங்கினாலும் அங்கே துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் காட்டி, அந்த அறையின் நீளத்தை அளவுகட்டை வைத்துப் பார்க்கச் சொல். அதற்கு முன் ஒரு தோட்டாகூடப் போட வேண்டாம்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். பிள்ளைகளுக்கு என் முத்தம்.

இப்படிக்கு,
உன் அன்புப் பெரியப்பா