தாய்ப் பத்திரம்

எங்கள் ஊரில் டிஜிட்டல் ஆவணக் காப்பகம் என்றால் முகத்தைப் பார்ப்பார்கள். "ஈ.சி. போடணும்" என்றால் உடனே புரிந்துவிடும். திருநின்றவூரில் மனை வாங்கியவர், வாங்கப்போகிறவர், விற்றுவிட்டு வருத்தப்படுகிறவர் என்று எல்லோரும் ஒருமுறையாவது பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்கம் பார்த்திருப்பார்கள். பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975 முதலான பதிவுகள் அதில் கிடைக்கின்றன. பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்படம் எல்லாம் வருவாய்த்துறையின் இன்னொரு தளத்தில் இருக்கின்றன. வங்கி கேட்கிறது என்பதற்காகப் பதிவிறக்கி, ஜெராக்ஸ் எடுத்து, ஃபைலில் குத்தி வைக்கிறோம். ஊரின் சரித்திரத்தைக் கையில் வைத்திருக்கிறோம் என்ற எண்ணம் வருவதில்லை.

எனக்கு அந்த எண்ணத்தைக் கொடுத்தது பக்கத்து வீட்டுக்காரரின் தாய்ப் பத்திரம். 1960-களில் எழுதியது. முத்திரைத்தாளில் நீல மை, ஒரே மூச்சில் முற்றுப்புள்ளி இல்லாமல் ஓடும் நடை. கிரயம் எவ்வளவு, யார் கொடுத்தார், யார் வாங்கினார் என்பதையெல்லாம் தாண்டி, கடைசிப் பக்கத்தில் சொத்து விவரம் வரும். அங்கேதான் செக்குபந்தி, அதாவது நாலு பக்க எல்லை. வடக்கே இன்னாருடைய நஞ்சை, தெற்கே மதகிலிருந்து வரும் பாசன வாய்க்கால், கிழக்கே களத்துக்குப் போகும் வண்டிப்பாட்டை, மேற்கே பொதுக் கிணறும் புளியமரமும். அந்த வாய்க்கால் இப்போது எங்கள் தெரு. வண்டிப்பாட்டையில் மாவு மில்லும் சலூனும் நிற்கின்றன. கிணறு எங்கே என்று கேட்டேன். தன் வீட்டு செப்டிக் டேங்கைக் காட்டிச் சிரித்தார் அவர்.

மழைக்காலத்தில் ஏரியை ஒட்டிய நகர்களில் வீட்டுக்குள் தண்ணீர் வருவதும், படகில் ஆட்களை ஏற்றுவதும் வருஷம் தவறினாலும் செய்தியில் தவறாது. எங்கள் தெருவிலும் கணுக்கால் அளவு நிற்கும். "எங்கேர்ந்துதான் வருதோ" என்று எல்லோரும் அலுத்துக்கொள்வோம். பத்திரத்தைப் படித்த பிறகு எனக்கு அந்த அலுப்பு போய்விட்டது. தண்ணீர் தன் பழைய வழியில் வந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான். மனை வாங்கும்போது வக்கீல் பத்திரத்தில் பெயரையும் பரப்பளவையும் சரிபார்த்தார். வாய்க்கால் என்ற சொல்லை அவரும் படித்திருப்பார். அது அவர் வேலையில் சேராது.

இப்படி ஊர் ஊராக எழுதிவைக்கும் பழக்கம் இந்தப் பக்கத்துக்குப் புதிதில்லை. 1763-ல் ஆற்காட்டு நவாபு செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். அதில் என்ன தேறும் என்று பார்க்க 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் சுமார் 2,000 ஊர்களைக் கணக்கெடுத்தார். ஊர்க் கணக்குகள் தமிழில், ஓலையில் எழுதப்பட்டவை. கம்பெனிக்காரர்கள் ஆங்கிலத்தில் சுருக்கி வைத்துக்கொண்டார்கள். சுருக்கம் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது, ஓலைகளில் பல தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில். வரலாற்று ஆய்வாளர் தரம்பால் அந்தக் கணக்குகளை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். சென்னை சென்டர் ஃபார் பாலிசி ஸ்டடீஸ் திருப்போரூர், வடக்குப்பட்டு என்ற இரண்டு ஊர்களின் கணக்கை நூலாக்கியது. எத்தனை வீடு, எத்தனை ஏரி, விளைச்சலில் கோயிலுக்கு எவ்வளவு, வெட்டியானுக்கு எவ்வளவு என்று படிக்கப் படிக்க ஊரே எழுந்து நிற்கும். வரி வாங்க எழுதியதுதான். அதனால்தான் ஒன்றையும் விடாமல் எழுதியிருக்கிறார்கள்.

நூல்களுக்கும் பத்திரிகைகளுக்கும் நமக்குக் குறையில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்தவை 1994-ல் ஆராய்ச்சி நூலகமாயின. தரமணிக்குப் போவதற்கு முன் அந்த நூலகம் முகப்பேரில், எங்களுக்குக் கொஞ்சம் பக்கமாகவே இருந்தது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் 2017-ல் வந்தது. குரோல் எழுதிய 1879-ம் வருஷத்துச் செங்கல்பட்டு ஜில்லா மானுவலும் இப்போது இணையத்தில் கிடைக்கிறது. ஆனால் இவற்றில் ஒரு சிற்றூரைத் தேடுவது தனிப் பொறுமை. ரயில்வேக்காரர்கள் வெகுகாலம் எங்களைத் தின்னனூர் என்றார்கள்; திருநின்றவூர் என்று மட்டும் தேடுகிறவருக்குப் பாதி ஊர் கிடைக்காது. 1997-க்கு முந்தைய காகிதம் என்றால் எங்கள் திருவள்ளூர் மாவட்டம் என்ற தலைப்பே இருக்காது. 1955-ல் காங்கிரஸ் மாநாடு நடந்த ஆவடியைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் படிக்கலாம். அதே வருஷம் சில ஸ்டேஷன் தள்ளி இங்கே நெல் என்ன விலை போனது, யார் மதகைத் திறந்தார் என்று கேட்டால் பதில் ஏதாவது ஒரு டிரங்குப் பெட்டிக்குள்தான்.

டிரங்குப் பெட்டியை மதித்தவர்கள் ஈழத்துக்காரர்கள். 1981-ல் யாழ்ப்பாண நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்களைத் தீயில் பறிகொடுத்தவர்கள். அவர்கள் 2005-ல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணையத் திட்டத்தில் இலக்கியத்தோடு பள்ளிக்கூட மலர், கோயில் மலர், கட்சித் துண்டறிக்கை எல்லாம் இருக்கின்றன. எனக்குப் பிடித்தது நினைவு மலர்கள். இறந்தவரின் முப்பத்தோராம் நாளுக்கு அச்சடிக்கும் சிறு புத்தகத்தில் வம்சாவளி, பிறந்த ஊர், வேலை பார்த்த இடம், வாழ்க்கைப்பட்டுப் போன குடும்பம் எல்லாம் வரும். பத்து மலரை அடுக்கினால் ஒரு தெரு கிடைக்கும். நாம் அந்தக் காரியத்துக்கு ஃப்ளெக்ஸ் வைக்கிறோம். பதினாறாம் நாள் முடிந்ததும் அது மாட்டுக் கொட்டகைக்குக் கூரையாகிறது.

எங்கள் ஊருக்குப் பெயர் வாங்கித் தந்த பூசலார் நாயனாருக்கும் இதே கதிதான் ஆகியிருக்கும். அவர் மனதுக்குள் கட்டிய கோயிலுக்கு என்ன ஆவணம்? சுந்தரர் தன் தொண்டர் பட்டியலில் பெயரையும் ஊரையும் மட்டும் குறித்துவைத்தார். நம்பியாண்டார் நம்பி ஒரு பாட்டுக் கொடுத்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பக்கத்துக் குன்றத்தூரிலிருந்து வந்த சேக்கிழார், கல் தேடி, நாள் பார்த்து, கிணறு தோண்டியது வரை விரித்து எழுதினார். சோழ அரசின் அமைச்சர் அல்லவா, கட்டட வேலையின் வரிசை அவருக்குத் தெரிந்திருக்கும். சுந்தரர் அந்த ஒரு பெயரை விட்டிருந்தால் பின்னவர்களுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இருந்திருக்காது.

ஊரில் உள்ள பழைய பத்திரங்களின் செக்குபந்தியை மட்டும் சேகரித்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர் ஒருவரிடம் டீக்கடையில் சொன்னேன்.

"யார் சார் குடுப்பாங்க? பொண்டாட்டிகிட்டயே காட்டமாட்டான்."

சொத்து விவரப் பக்கம் மட்டும் போதும், பெயர்களை எடுத்துவிடலாம் என்றேன்.

"பேரை எடுத்தா எல்லை எங்கே நிக்கும்? பாதி எல்லையே ஆளுங்க பேருதானே. அதுவும் அந்தக் காலத்துல பேரோட ஜாதியையும் எழுதுவோம். நானே எழுதியிருக்கேன். இன்னிக்கு அந்த இடத்துல அபார்ட்மென்ட்ல குடியிருக்கிறவன் அதைப் படிக்கணுமா?"

அவர் கேட்டது சரி. அந்தச் சொற்களை அழித்தால் ஊர் எப்படிப் பிரிந்து கிடந்தது என்பதும் சேர்ந்து அழியும். வைத்தால் உயிரோடு இருக்கும் யாருக்கோ சுடும். பெரிய காப்பகங்கள் இத்தனை வருஷத்துக்குத் திறக்கக்கூடாது என்று விதி வைத்துக்கொள்கின்றன. தெருவில் நாலு பேர் செய்யும் வேலைக்கு விதியை யார் போடுவது?

கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். ஆள் பெயர் வரும் இடத்தில் சர்வே எண். வாய்க்கால், கிணறு, மரம், களம், பாட்டை எல்லாம் அப்படியே. முதலில் பக்கத்து வீட்டுப் பத்திரம். அதையும் போன வருஷம் லேமினேஷன் செய்துவிட்டார்கள். பிளாஸ்டிக் பளபளப்பில் செல்போன் கேமராவுக்கு மை பிடிக்கவில்லை. எழுத்தர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, தாளைச் சாய்த்துச் சாய்த்து வாய்விட்டுப் படித்தார். நான் எழுதிக்கொண்டேன். மேற்கு எல்லைக்கு வந்ததும் நிறுத்தி, "இந்தக் கெணத்துல நான் குளிச்சிருக்கேன், எழுதுங்க" என்றார். அதற்கு என் அட்டவணையில் கட்டம் இல்லை. ஒன்று போட்டேன்.