கல்லைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?



பல்கலைக்கழக இடம் தேடும் நேரத்துல கோயிலுக்கு வர்ற பெற்றோர் சிலர் எங்ககிட்ட கேக்கிறாங்க: "பிள்ளை ஜியோலஜி படிக்கணும்னு நிக்குது. கல்லைப் படிச்சு என்ன பண்றது? வேற கோர்ஸ் மாத்தச் சொல்லுங்களேன்." மாத்தச் சொல்ல எங்களுக்கு மனசு வரல. காரணத்தைச் சொல்றோம்.

ஈப்போ கல்லுமலை முருகன் கோயில் இருக்கிற குனோங் செரோ சுண்ணாம்புக்கல் மலை. ஒரு காலத்துல கடலுக்கு அடியில சிப்பியும் பவளமும் படிஞ்சு உண்டான கல் அது. மழைத்தண்ணி காத்துல உள்ள கரியமில வாயுவோட சேர்ந்து லேசான அமிலமாகி, இந்தக் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமா கரைக்குது. குகை உண்டாவதும் அப்படித்தான், வெடிப்பு அகலமாவதும் அப்படித்தான்.

1973-ல அதே மலையிலிருந்து பெரும்பாறை பெயர்ந்து, அடிவாரத்துல இருந்த வீடுங்க மேல விழுந்துச்சு. சுமார் 40 உயிர் போச்சு. இன்னைக்கும் பத்துமலை மாதிரி எத்தனையோ கோயில்கள் இந்த வகை மலையை ஒட்டித்தான் இருக்கு. சாமி கும்பிட நாம போறோம். மேல உள்ள வெடிப்பை யார் பார்க்கிறது? அதைப் பார்த்துச் சொல்றதுதான் புவியியலாளர் வேலை.

மலாயாப் பல்கலைக்கழகம், யுகேஎம், சபா பல்கலைக்கழகம் மூணுலயும் ஜியோலஜி பட்டப்படிப்பு இருக்கு. எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன்ல அறிவியல் பாடங்கள் எடுத்திருக்கணும். படிச்சு முடிச்சா கனிமவள, புவி அறிவியல் துறையில அரசாங்க வேலை இருக்கு. எண்ணெய் கம்பெனி, கல்லுடைக்கிற குவாரி, சுரங்கப்பாதை, அடுக்குமாடி கட்டுறதுக்கு முன்னாடி மண் பரிசோதனை, நிலத்தடி நீர்னு தனியார் வேலையும் உண்டு. 2008-லயே புவியியலாளர் சட்டம் வந்து, இது பதிவு பெற்ற தொழிலா ஆயிடுச்சு.

சுகமான வேலைன்னு சொல்ல மாட்டோம். வெயில்ல, காட்டுல நடக்கணும். எண்ணெய் விலை விழுந்தா எண்ணெய் கம்பெனியில ஆள் எடுக்கிறதும் குறையும். பொம்பளப் பிள்ளைக்கு ஒத்து வருமான்னு கேக்கிறாங்க. படியேறி பால்குடம் எடுக்கிற பிள்ளைக்கு மலையேறத் தெரியாதா?

டாக்டர், லாயர் மட்டும்தான் படிப்புன்னு நினைச்சுப் பிள்ளைங்க ஆசையை மூடிடாதீங்க. பாரம் நிரப்ப உதவி வேணும்னா வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சதும் எங்களப் பாருங்க. பிள்ளையையும் கூட்டிட்டு வாங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!