கூவப்படும் சொல்

புதுச்சேரியில் இருப்பதில் ஒரு சிறு அனுகூலம். அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைகளில் சதுர நடனம் ஆடுகிறவர்களுக்கு ஒருவன் அடுத்த அசைவை உரக்கக் கூவுவான். அவன் சொல்லும் 'டோசிடோ', முதுகுக்கு முதுகு என்று பொருள்படும் 'தோஸாதோ'தான் என்பது, இங்கே கொஞ்சம் பிரெஞ்சு காதில் விழுந்தவனுக்கு உடனே பிடிபட்டுவிடும். 1917ல் கெண்டக்கியில் இந்த ஆட்டத்தைப் பார்த்த ஸெஸில் ஷார்ப், இது பழைய ஆங்கில ஆட்டத்தின் எச்சம் என்று தீர்மானித்தார். ஆனால் கூவிச் சொல்லும் வழக்கம் முதலில் காணப்படுவது கறுப்பினப் பிடில்காரர்களிடம் என்று ஃபில் ஜேமிஸன் 2015ல் வெளிவந்த நூலில் காட்டினார். நாட்டார் கலையின் தூய்மை பற்றி நம்மவர்கள் பேசும்போதெல்லாம் எனக்கு ஷார்ப்பின் ஞாபகம் வருகிறது.

என் அக்கறை தூய்மை பற்றியதல்ல. முன்கூட்டியே தயாராக இருந்து, ஆட்டத்தின் நடுவே கூவப்படும் வாக்கியம் கவிதையாகுமா என்பதுதான் கேள்வி.

பதில் நீலகிரியில் இருக்கிறது. தோடர் ஆண்கள் வட்டமாக ஆடும்போது பாட்டு பாடப்படுவதில்லை, கூவப்படுகிறது. 1935-38ல் அவர்களிடையே ஆய்வு செய்த எமனோ, 1971ல் தோடர் பாடல்களைப் பெருநூலாக வெளியிட்டார். எல்லாம் சிறு சிறு வாக்கியங்கள். மூன்று அசைக்குக் குறையாதவை. இரட்டை இரட்டையாக வருபவை. எருமை, மந்து, கல்யாணம், சாவு - எதைச் சொல்லவும் சொற்சேர்க்கை முன்பே வகுக்கப்பட்டிருக்கிறது. எழுத்தில்லாத மொழி. இருந்தும், நின்ற இடத்திலேயே பாட்டுக் கட்டுவது அங்கே ஒரு சிலரின் தனிச்சொத்தல்ல.

புதுக்கவிதைக்காரனுக்கு இது சங்கடம். தேய்ந்த சொல்லை ஒழிப்பதுதான் கவிதை என்பது நம் பாலபாடம். சங்கச் செய்யுளின் வாய்மொழி வாய்பாடுகளைக் கைலாசபதி 1968லேயே எடுத்துக்காட்டியும், நம்மில் பலர் அதைச் சமூக வரலாறு என்று ஓரமாக வைத்துவிட்டார்கள். கவிதைப் பிரச்னையாகப் பார்க்கவில்லை.

வங்கியில் நாள் பூராவும் என் கையில் புழங்குவது தயார் வாக்கியங்கள்தாம். 'தங்கள் உண்மையுள்ள' என்று ஒருவன் கையெழுத்திடும்போது அதில் தங்களும் இல்லை, உண்மையும் இல்லை. அவை செத்துக் கிடப்பது பழசாகிவிட்டதால் அல்ல. அவற்றைக் கேட்டு யாரும் கால் எடுத்து வைப்பதில்லை என்பதால். தோடர் வட்டத்தில், ஜோடியின் முதல் பாதி விழுந்ததும் மறுபாதிக்காகக் காதுகள் காத்திருக்கின்றன. யாரைக் குறித்த பாட்டு என்பதும் வெளிப்படையாகச் சொல்லப்படுவதில்லை; குறிப்பால் உணர வேண்டும். எல்லோருக்கும் தெரிந்த சொற்களிலிருந்து இந்த மனிதனுக்கு, இந்தக் கணத்துக்கு எந்த ஜோடி என்று தேர்வதில்தான் கவிஞன் இருக்கிறான். அந்தத் தேர்வு சரியா என்று தீர்மானிக்க, அதே சொற்களை அறிந்த ஒரு வட்டமே எதிரில் நிற்கிறது.

நமக்கு அந்த வட்டம் இல்லை. எதிர்பாராத சொல்லைத் தேடி அலைகிறோம். அடுத்து இன்னது வரும் என்று காலைத் தூக்கி நிற்பவன் எதிரே இல்லாதபோது, எதிர்பாராதது என்று ஒன்று எப்படி இருக்க முடியும்?