கொடுங்கை

‘கொடு’ என்றால் வளைவு. வில்லுக்குக் கொடுமரம் என்று பெயர் வந்தது அதனால்தான். மடித்த கையும் கொடுங்கை. கோயில் சுவரின் உச்சியிலிருந்து வெளியே நீண்டு நுனி கவிழ்ந்து நிற்கும் கல் விளிம்பும் கொடுங்கை. மயமதம் முதலான வடமொழிச் சிற்ப நூல்கள் இதையே கபோதம் என்கின்றன. கபோதம் என்றால் புறா. எங்கள் சிற்பப் பட்டறையில் இரண்டு பெயரும் புழங்கினாலும் எனக்கு வாயில் வருவது கொடுங்கைதான். வேலையின் சூட்சுமமே அந்தப் பெயருக்குள் இருக்கிறது.

நீட்டிய கையைத் தோள் தாங்குகிற மாதிரி, நீண்ட கல்லை அதன் வால் தாங்க வேண்டும். வாலைத் தடிமனாக விட்டுச் சுவர்மேல் ஆழப் படிய வைப்போம். நுனியை அடியிலிருந்து குடைந்து மெலிய வைப்போம். மேல்வரிசைக் கற்கள் ஏறி வாலை அழுத்தும் வரை நுனிக்கு அடியில் கொடுத்த முட்டுக்கட்டையை எடுக்க மாட்டோம்.

கஷ்டமெல்லாம் உதடு போல மெலியும் அந்த நுனியில்தான். கல்லைக் கவிழ்த்துப் போட்டு, தகரத்தில் வெட்டிய அளவை வைத்து வைத்துப் பார்த்துக் குடைய வேண்டும். கல் மெலிய மெலிய உளிச் சத்தம் மாறும். அப்போது சுத்தியின் கனத்தைக் குறைத்துவிட வேண்டும். கடைசியில் உதட்டுக்கு உட்புறமாக, அடிப்பக்கத்தில் நீளவாக்கில் ஒரு காடி, அதாவது பள்ளம், வெட்ட வேண்டும். அது இல்லாவிட்டால் மழைநீர் அடிப்பக்கமாகவே ஊர்ந்து சுவருக்கு வந்துவிடும். ஏற்றுவதற்கு முன் ஒரு சொம்புத் தண்ணீரை மேலே ஊற்றிப் பார்ப்பேன். உதட்டு நுனியிலிருந்தே சொட்ட வேண்டும்.

இந்த வடிவம் மரத்திலும் ஓலையிலும் பிறந்தது. கூரை வேய்பவர்கள் இன்றும் கைமரம் என்கிறார்களே, அந்தக் கைக்கும் இதற்கும் உறவு உண்டு என்றே நம்புகிறேன். மாமல்லபுரத்து ஏழாம் நூற்றாண்டு ரதங்கள் ஒரே பாறையில் வெட்டியவை. அங்கே வாலுக்குப் பாரமே வேண்டியதில்லை. ஆனாலும் கூரை விளிம்பின் அந்தக் கவிழ்ந்த வளைவை விடவில்லை. அதன்மேல் வரிசையாகக் கூடுகள், கூட்டுக்குள் எட்டிப் பார்க்கும் முகங்கள்.

ஆவுடையார்கோயில் கொடுங்கையை அண்ணாந்து பார்த்தால் கல்லிலேயே கைமரம், குறுக்குச் சட்டம், ஆணிக் குமிழ் எல்லாம் தெரியும். அந்த ஆணி எதையும் பிடித்திருக்கவில்லை. ஆனால் தச்சன் எங்கே அடிப்பானோ அங்கேதான் இருக்கிறது. அதை வெட்டியவர் மரக்கூரையின் அடியில் நெடுநேரம் நின்று பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். ‘ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக’ என்று எழுதிக்கொண்டுதான் அந்தக் காலத்து ஸ்தபதிகள் வேலை ஒப்புக்கொள்வார்களாம். எங்கள் தொழிலில் வழிவழியாகச் சொல்லிவரும் பேச்சு இது. நேரில் பார்த்தபின் எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை.

இப்போது பல ஊர்களில் கான்கிரீட்டில்தான் கொடுங்கை கேட்கிறார்கள். கம்பி இருப்பதால் வாலைப் பற்றிய கவலை குறைவு. காடியை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்று ஒவ்வொரு மேஸ்திரியிடமும் சொல்கிறேன். சென்ட்ரிங் பலகையில், உதட்டை ஒட்டி ஓர் அரை அங்குல ரீப்பர் அடித்தால் போதும். பலகையைப் பிரிக்கும்போது காடி தானாக விழுந்திருக்கும்.