மனத்தில் பட்டதைச் சொல்லும் சொற்கள்

கடல் கடந்த மடல் – சிங்கப்பூரிலிருந்து

மனத்தில் இருப்பதை மறைக்காமல் சொல்வதைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். மனம்விட்டு, மனம் திறந்து என்பவை முதல் வகை. கணவன் மனைவியிடையே, அண்ணன் தம்பியிடையே, கூட்டாளிகளிடையே இவை புழங்கும். இரண்டாம் வகை, மழுப்பலை மறுத்துப் பிறந்தது: ஒளிவுமறைவில்லாமல், பூசிமெழுகாமல், சுற்றிவளைக்காமல், மென்று விழுங்காமல். மூன்றாம் வகை பேச்சின் வேகத்தைக் காட்டும்: பட்டென்று, முகத்துக்கு நேரே, வெட்டு ஒன்று துண்டு இரண்டாக, போட்டு உடைத்தல். காவிரிப் படுகையின் பேச்சுவழக்கில் மூன்றுக்கும் பொதுவாக 'சொல்லிப்புடணும்' என்ற முடிவு வரும். தயக்கத்தைத் தாண்டியாயிற்று என்பதை அந்த 'புடணும்' காட்டிவிடும்.

சமமானவர்களிடையே இப்படிப் பேசுவது எளிது. மேலே இருப்பவரிடம் பேசுவதுதான் கடினம். அதற்கெனவே பழந்தமிழர் பாட்டில் தனித் துறை வகுத்தனர். அரசனின் காதில் அறத்தை ஏற்றுவது 'செவியறிவுறூஉ'. அதனோடு சேர்த்துத் தொல்காப்பியம் கூறும் 'வாயுறை வாழ்த்து', வேம்பைப் போல முதலில் கசந்து பின்னால் நன்மை தரும் பேச்சு. வாழ்த்து என்ற பெயரே பேசுபவரின் நோக்கத்தைச் சொல்லிவிடுகிறது. கேட்பவர் நன்றாக இருக்கவேண்டும் என்பதற்காகவே கசப்பு கொடுக்கப்படுகிறது.

செவியறிவுறூஉத் துறைக்குச் சோழநாட்டு உழவரைப் பற்றிய ஒரு பாட்டே சிறந்த சான்று. புறநானூற்றின் 35ஆம் பாட்டில் வெள்ளைக்குடி நாகனார் என்ற புலவர், சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனிடம் பேசுகிறார். காவிரி பாயும் நாட்டின் வளத்தை முதலில் புகழ்கிறார். பிறகு, வெண்கொற்றக் குடை வெயிலை மறைக்கப் பிடித்ததன்று, வருந்திய குடிகளுக்கு நிழல் தரவே என்கிறார். போர்க்கள வெற்றியும் உழுபடை தந்த விளைச்சலின் பயனே, மழை பொய்த்தாலும் விளைவு குறைந்தாலும் உலகம் அரசனைத்தான் பழிக்கும் என்றும் சொல்கிறார். பழஞ்செய்க் கடன், அதாவது பழைய நிலத்தின் வரிப்பாக்கி, தள்ளுபடி ஆனது என்று பாட்டின் அடிக்குறிப்பு தெரிவிக்கிறது. பேசியவரின் துணிவோடு கேட்டவரின் பெருந்தன்மையும் அக்குறிப்பில் பதிவாகியிருக்கிறது.

நட்புக்கு உரிய சொல் 'இடித்துரைத்தல்'. தவறு கண்டால் இடித்துச் சொல்லும் துணை இல்லாத அரசன், கெடுப்பார் இல்லாவிட்டாலும் தானே கெடுவான் என்கிறது திருக்குறளின் பெரியாரைத் துணைக்கோடல் அதிகாரம். நட்பாராய்தல் அதிகாரமோ, அழும்படிச் சொல்லி இடிக்க வல்லவரையே நண்பராகக் கொள்ளச் சொல்கிறது. திருவள்ளுவர் கணக்கில் இடித்துரைப்பது நண்பனின் கடமை.

தன்னைப் பற்றியே ஒளிக்காமல் பேசுவது இவற்றிலும் அரிது. அதற்குச் சான்றான பாட்டு திருவாரூர் மாவட்டத்துக் குடவாசலோடு தொடர்புடையது. சேரமான் கணைக்கால் இரும்பொறை சோழன் செங்கணானிடம் தோற்றுக் குடவாயிற் கோட்டத்துச் சிறையில் கிடந்தான். குடவாயில் என்பது இன்றைய குடவாசல் என்று அறிஞர் பலர் கொள்வர். தண்ணீர் கேட்டான், உடனே கிடைக்கவில்லை. பின்னர் வந்த தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டே குடிக்காமல் பாட்டைச் சொல்லி உயிர்விட்டான் என்கிறது புறநானூறு 74இன் அடிக்குறிப்பு. இறந்து பிறந்த குழவியையும் வாளால் கீறி வீரமரணம் தரும் குடியில் பிறந்தும், சங்கிலியில் கட்டிய நாயைப் போலக் கிடந்து பகைவரிடம் தண்ணீர் இரந்தேனே என்பது பாட்டின் சாரம். சோழனைப் பற்றி ஒரு வசவும் அதில் இல்லை. தான் கெஞ்சியதை, கெஞ்சினேன் என்றே சொல்கிறான்.

இன்று இதே ஊர்ப் பக்கம் வெளிப்படைப் பேச்சு அதிகம் கேட்கும் இடம் நெல் கொள்முதல் நிலையம். சம்பா அறுவடைக் காலத்தில் களத்தில் நெல் குவிந்து, தார்ப்பாய் மூடிக் கிடக்கும். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுப்பதில்லை என்பது பொது விதி. கருவி காட்டும் எண்ணைப் பார்த்ததும், "நேத்து ராத்திரி பெஞ்ச மழைக்கு நான் என்னங்க பண்றது?" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிடுவார் விவசாயி. அவர் கேட்பதில் கோபமும் உண்டு, நியாயமும் உண்டு. அதே கேள்வி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனுவாகிறது. நாகனார் பேசிய பொருள் இன்னும் தீர்ந்துவிடவில்லை.

கடல் கடந்த தமிழரிடையேயும் இந்தப் பேச்சுக்கு இடம் உண்டு. சிங்கப்பூரின் ஹாங் லிம் பூங்காவில் பொதுமக்கள் பேசுவதற்கென 2000 செப்டம்பர் 1 அன்று ஓர் இடம் திறக்கப்பட்டது. அங்கே பேசலாம் என்று அனுமதிக்கப்பட்ட மொழிகளில் தமிழும் ஒன்று. வீட்டுப் பேச்சில் மட்டும் 'ஓப்பனா சொல்லு' என்பது பழைய சொற்களின் இடத்தைப் பிடித்துவருகிறது, ஊரிலும் அப்படித்தான். மனம்விட்டு, பட்டென்று என்பவற்றின் வேலையை 'ஓப்பன்' ஓரளவு செய்துவிடும். ஆனால் தவறும் நண்பனைத் தடுத்து நிறுத்தும் கடமை அதில் இல்லை. அதற்கு இடித்துரைத்தல் என்றே சொல்லவேண்டும். அயலகத்தில் வளரும் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பில் அந்தச் சொல்லையும், அதைப் பொறுத்துக் கேட்கும் பழக்கத்தையும் சேர்த்தே கற்பிப்பது பெரியவர்களின் பொறுப்பு.